தம்பி இருக்கிறான்

பட்டாளத்தில் சேர ஒரு வழிதான் உண்டு, ஓடி ஜெயிக்க வேண்டும். பாதியில் வெளியே வருவதற்கோ பல வழிகள். அத்தனையையும் சொல்லித்தர நாங்கள் தங்குகிற பாரக்கில் ஆள் இருக்கிறது. அங்கே கட்டிலுக்கு ஒருவன் வக்கீல்.

"மெடிக்கல்ல போயிடு" என்பான் ஒருவன். என் உடம்போ வருஷா வருஷம் டாக்டரே முதுகில் தட்டி அனுப்புகிற உடம்பு. சொந்த விருப்பத்தில் எழுதிக் கொடுத்து வரலாம். பதினைந்து வருஷம் முடிக்காமல் வந்தால் பென்ஷன் கிடையாது, எனக்கோ பன்னிரண்டுதான் ஆகியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தாலும் விடுவார்கள் என்று நிச்சயமில்லை. லீவில் வந்து அப்படியே தங்கிவிடலாம் என்று ஒருவன் சொன்னான். அவனை அடிக்கச் செருப்பைத் தேடினேன். உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்பார்களே, அந்தக் கதைதான்.

மிச்சம் ஒன்று இருந்தது. வீட்டு நிலைமையைச் சொல்லி, கருணை அடிப்படையில் விடுதலை கேட்பது. என்னோடு சேர்ந்த கடற்கரைக் குப்பத்துப் பையன் அப்படித்தான் போனான். அவன் அப்பாவுக்குப் படகில் அடிபட்டு இடுப்பு போயிற்று. அவன் ஒரே பிள்ளை. சில மாதத்தில் பெட்டியைக் கட்டிவிட்டான். இப்போது காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்து மீன் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறான். ஒவ்வொரு படத்துக்கும் எனக்கு வயிறு எரியும். அப்பா படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படலாமா என்று கேட்டால், படலாம். நான் பட்டேன்.

என் அப்பாவுக்கும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இரண்டு வருஷமாகிறது. ஆனால் நான் ஒரே பிள்ளை இல்லை. எனக்குத் தம்பி இருக்கிறான்.

போனில் நான் கேட்ட வார்த்தைகளில் அதிகம் கேட்டது இதுதான். அப்பா விழுந்தபோது அம்மா சொன்னாள், "நீ ஒண்ணும் பதறாதே, தம்பி இருக்கறான்." புயலில் ஓடு பறந்தபோதும் அதையேதான் சொன்னாள். பெருமுக்கல்லிலிருந்து எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளும் அதே பாட்டைப் படித்தாள். பொண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று நான் கேட்டால், "தம்பியை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க" என்பாள். பெற்றவன் பனியில் நிற்கிறான், யோசனை சொல்ல அவன்!

போன தை மாதம் லீவில் வந்தேன். மழைத்தண்ணீர் வடிந்து, உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற நேரம். சேற்றை வழித்துவிட்டுத் தரை கெட்டிப்படும்வரை மிதிக்க வேண்டும். தரை கெட்டியானால்தான் உப்பு வெள்ளையாக வரும். அப்பா குத்தகைக்கு எடுத்த பாத்திகளைத் தம்பிதான் பார்க்கிறான். நானும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு வரிசை முடித்துத் திரும்பிப் பார்க்கிறேன், என் பின்னாலேயே வந்த தம்பி ஒவ்வோரிடமாய்க் காலால் தடவித் தடவி மூடிக்கொண்டிருக்கிறான்.

"ணா, நீ மார்ச் போறே" என்றான். "குதிகாலை ஊணாதே. குழியாயிடுது பாரு. அதுல சேறு தங்கும், உப்பு கறுத்துடும். முழுப் பாதத்தையும் வை."

பக்கத்துப் பாத்திப் பெண்கள் சிரித்தார்கள். "பட்டாளத்துக்காரரே, பாத்தியில இன்னா பரேடு?" என்று ஒருத்தி கேட்டாள். சின்ன வயதில் அவனுக்கு மிதிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனேன். அப்பாவைப் பார்க்க வீட்டில் வேறு ஆண் துணை இல்லை என்று ஊரிலிருந்து அத்தாட்சி போனால்தான் பட்டாளம் என் மனுவை ஏறெடுத்துப் பார்க்கும். அவர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார், "ஏம்பா, உனக்குத் தம்பி இருக்கறானே."

தம்பி என் இடத்திலும் உட்கார்ந்துகொண்டு, நான் வருகிற வழியிலும் குறுக்கே உட்கார்ந்துகொண்டால் என்னதான் செய்வது? அவர்தான் ஒரு யோசனை சொன்னார். தம்பி அப்பா அம்மாவைப் பார்ப்பதில்லை, தனியாகப் போய்விட்டான் என்று அவனே எழுதிக் கொடுக்கட்டும். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு மேலே அனுப்பலாம் என்றார்.

மறுநாள் பாத்தியில் தம்பியிடம் கேட்டேன். மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டான்.

"எழுதிக் குடுக்கறேன் ணா. நீ வந்துட்டா அம்மாவுக்கும் சந்தோசம். இன்னான்னு எழுதணும்?"

"பெத்தவங்களை நான் பாக்கறதில்ல, எனக்கும் அவங்களுக்கும் ஒட்டு உறவு இல்லன்னு."

இப்போது அவன் கால் நின்றது. "வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்களா?"

"வருவாங்க."

"அப்பாவைக் கேட்டா அவரு இன்னா சொல்லணும்?"

"ஆமா, சின்னவன் பாக்கறதில்லன்னு சொல்லணும்."

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சரி ணா, நான் அவருகிட்ட சொல்லிவைக்கறேன்" என்றான். மறுபடி மிதிக்க ஆரம்பித்தான். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு அந்தச் 'சரி' வாயில் வந்திருக்காது.

சாயங்காலம் கொல்லையில் அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினான். தினமும் அவன்தான் குளிப்பாட்டுவான். நான் வாளியில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். முதுகைத் தேய்த்தபடியே, தேவாரம் சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னான்.

"அப்பா, ரெண்டு நாள்ல வி.ஏ.ஓ. வருவாரு. சின்னவன் உன்னைப் பாக்கறானான்னு கேப்பாரு. இல்ல, அவன் போயிட்டான்னு சொல்லு. பெரியவன் வந்துடறான் இல்ல, அதுக்காவ."

அப்பாவுக்கு வாய் குழறும். சொல்வதில் பாதி எனக்குப் புரியாது, தம்பிக்குத்தான் புரியும். ஆனால் அன்று சொன்னது எனக்கே புரிந்தது. நல்லாயிருக்கிற கையால் தம்பியின் ஈர மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ எங்கடா போறே?"

"எங்கயும் போவலப்பா. சும்மா சொல்றதுக்குத்தான்."

"எங்கடா போறே?" என்றார் மறுபடியும். கையை விடவே இல்லை. தம்பி ஒற்றைக் கையாலேயே தண்ணீரை மொண்டு ஊற்றி முடித்தான்.

அன்று ராத்திரிச் சோற்றின்போது அவனிடம் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். "பதினஞ்சு முடிச்சா பென்ஷன் வரும், விடுவானேன்?" என்றேன். எல்லோரும் சொல்கிற காரணம், அவனும் ஒத்துக்கொண்டான். என் பெண்டாட்டி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

லீவு முடிந்த அன்று காலையில் பெட்டியைத் தம்பிதான் தூக்கி வண்டியில் வைத்துக் கட்டினான், திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட. நான் உள்ளே போய் அப்பா காலைத் தொட்டேன். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்.

"ஜாக்கிரதை."

தம்பியைக் கேட்டதுபோல என்னையும் ஏதாவது கேட்பார் என்று கட்டில் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தம்பி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டான்.