ஆருக்கு அந்தியேட்டி?

குளிர்காலத்தை ஆக்லாந்துச் சனங்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று விசாரிப்பது அந்த வருடம் எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. எண்பதுகளின் நடுப்பகுதி, நாங்கள் வந்து இரண்டாவது குளிர்காலம். சான்ட்ரிங்ஹாமில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி வைப்பது என் வேலை. கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. ஆகவே அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன்.

புக்கெகோஹியிலிருந்து காரில் வருகிற ஒருத்தி எனக்குப் பக்கத்து மேசை. ஜூலை மாத இரவுகளில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கோடையில் நடப்போகிற தக்காளிக்கு விதை தேர்ந்தெடுப்பாளாம். இன்ன நிறம், இன்ன பருமன் என்று மனத்துக்குள்ளேயே காய்க்க வைத்துப் பறித்தும் விடுவாளாம். தபால் வண்டி தள்ளிக்கொண்டு வருகிற மனிதர் வருடம் முழுக்க அரைக்காற்சட்டைதான். "உங்களுக்குக் குளிர்வதில்லையா?" என்று கேட்டேன். "குளிர்கிறதே" என்றார். அப்படியானால் நீளக் காற்சட்டை போட்டால் என்ன என்ற அடுத்த கேள்வியை மரியாதைக்காக விழுங்கிக்கொண்டேன். எங்கள் தெருப் பிள்ளைகளோ உறைபனி கிடக்கிற புல்லில் வெறுங்காலோடு நடந்து டெய்ரி என்கிற தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனார்கள். சனிக்கிழமைகளில் முன்வீட்டுக்காரர் மைதானத்துச் சேற்றில் நின்று ரக்பி பார்த்துக் கத்திவிட்டு, தொண்டை கட்டி, முகம் மலர்ந்து திரும்பி வருவார். கத்துவது நல்ல மருந்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஊர்ப் புதினம் பிடுங்குவதாகக் கணவர் பகிடி பண்ணுவார். புதினம்தான். ஆனால் எனக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்தச் சித்திரையில் திருகோணமலையில் அம்மா இறந்துபோனார். லண்டனிலிருந்து அண்ணா போன் செய்து சொன்னபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அண்ணாவின் அகதி விண்ணப்பம் இழுபறியில் கிடந்தது. எங்களுக்கும் நிரந்தர விசா கைக்கு வரவில்லை. போனால் திரும்பி வரலாமா என்று கேட்டதற்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அங்கேயும் நாடு இருந்த நிலையில், போய்ச் சேருவதே நிச்சயமில்லை. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் உலகத்தின் இரண்டு மூலைகளில் இருக்க, சித்தப்பாதான் கொள்ளி வைத்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. இந்தியாவில் கருமாதி என்கிறார்களே, ஏறக்குறைய அதுதான். எங்கள் குடும்பத்தில் அதைக் கன்னியாவில் செய்வார்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு காட்டுக்குள் ஏழு வெந்நீர்க் கிணறுகள். எல்லாம் குட்டிக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. அந்தக் காலத்து அரசன் ஒருவன் தன் தாயின் கடன் கழிக்க நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினானாம், குத்திய இடமெல்லாம் வெந்நீர் வந்ததாம். உள்ளே இறங்கி முழுகவெல்லாம் முடியாது. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். சும்மா குளிக்கப் போகிற சனமும் இருந்தது. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. செத்தவீடு நடந்தால்தான் கன்னியா.

எங்களோடு கோபம் வந்தால் அம்மா அதைத்தான் எடுப்பார். "நான் செத்தா, கன்னியாவிலை ஒரு வாளி தண்ணி ஊத்தவெண்டாலும் வருவியளோ?" நாங்கள் சிரிப்போம். அண்ணா, "நான் ரெண்டு வாளி ஊத்துறன், இப்ப சோத்தைப் போடுங்கோ" என்பான்.

அம்மாவின் முப்பத்தோராம் நாளில் கன்னியாப் பாதை மூடிக் கிடந்தது. சித்தப்பா கடற்கரையில் ஏதோ செய்து முடித்தார் என்று அண்ணா சொன்னான். அதையே இரண்டு தரம் சொன்னான். தலைமகன், ஒரே மகன், செய்யவேண்டியவன் அவன்தான். எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சக்காரி அல்ல நான். வரவில்லை, அவ்வளவுதான். காலையில் எழும்பினால் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடிகளில்தான் உள்பக்கமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அதைத் துணியால் துடைப்பேன். துடைத்தபின் அந்த நாளில் வேறு ஒன்றும் செய்யத் தோன்றாது.

கணவர் தன்னால் ஆனதைச் செய்தார். குளிர்காலத்தில் மனம் சோராமல் இருக்க வழிகள் என்று எந்தச் சஞ்சிகையிலோ வந்த பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். பிரகாசமான நிறங்கள் நல்லது என்று போட்டிருந்ததாம், குந்தும் அறைக்கு மஞ்சள் திரை வந்தது. தோடம்பழம் நல்லதாம், பெட்டி பெட்டியாக வந்தது. "நீர் ஒருக்கா வெளியிலை போய் நடந்து பாருமன்" என்றார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், எனக்குக் கோபம்தான் வந்தது. "மஞ்சள் திரை போட்டா அம்மா எழும்பி வருவாவோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் போய் ஒரு தோடம்பழத்தை உரித்து, சுளைகளை ஒரு தட்டில் வைத்து என் பக்கமாக நகர்த்தினார்.

ஒன்று மட்டும் உண்மையிலேயே உதவியது. தென்றல் வருமென்று தெற்கு அறையைத்தான் நாங்கள் ஆசைப்பட்டுப் படுக்கையறை ஆக்கியிருந்தோம். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது என்பது இரண்டாவது குளிர்காலத்தில்தான் எங்கள் புத்தியில் ஏறியது. தெற்கிலிருந்து வருவது தென்றல் அல்ல, தென்துருவத்துக் காற்று. கணவர் கட்டிலைத் தனியாளாக வடக்கு அறைக்கு இழுத்துப் போட்டார். காலையில் முதுகில் வெயில் பட்டது. முதுகுக்குச் சுகமாயிருந்தது, மற்றபடி நான் அப்படியேதான் கிடந்தேன்.

அப்போதுதான் அக்கா வந்தார். அக்கா என்றால் உறவில்லை. ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர், கிறிஸ்தவர், எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரண்டு தெரு தள்ளி வீடு. நான் "கதைக்கிறது" என்றால் அவர் சிரிப்பார், அவர் "பேசுறது" என்றால் எனக்கு யாரோ திட்டுகிற மாதிரி இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு பையோடு குசினிக்குள் வந்து நின்றார்.

"என்னா தங்கச்சி, மூஞ்சி இப்டி இருக்கு? எழுந்திரு, ஹாட் பூல்ஸ் போலாம்."

"அதென்ன?"

"வெந்நீர் ஊத்து லா. பூமிக்குள்ள இருந்து தானா சூடா வருது. குளிர் காலத்துல இங்க எல்லாரும் போவாங்க. மனசு லேசாயிரும்."

வெந்நீர் ஊற்று என்ற சொல் காதில் விழுந்ததும் என் வாயிலிருந்து தானாகவே வந்தது:

"ஆருக்கு அந்தியேட்டி?"

"அந்தி பார்ட்டியா? யாரு வைக்கிறாங்க?" என்று கேட்டார் அக்கா.

பக்கத்து அறையில் கணவர் பத்திரிகையை மடிக்கிற சத்தம் நின்றது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தியேட்டி எண்டா கருமாதி அக்கா, கருமாதி! எங்கடை ஊரிலை வெந்நீர்க் கிணத்துக்கு அதுக்குத்தான் போறது. அம்மா செத்து மூண்டு மாதம், நான் அங்கை போய் உல்லாசமாய்க் குளிக்கிறதோ?"

அக்கா பையை மேசையில் வைத்தார். "உன் அம்மா செத்துட்டாங்களா?"

"ஓம்."

"மூணு மாசமா என்கூட பஸ்ல வர்ற. நான் என்ன சாப்பிடுறேன், எப்ப தூங்குறேன், குளிருக்கு என்ன செய்றேன்னு நூறு கேள்வி கேக்குற. இத சொல்லவே இல்லையே நீ?"

அவர் சொன்னது சரி. கண்டவர் எல்லோரிடமும் கேட்டேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. யாராவது திருப்பி ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் அத்தனை கேள்விகளையும் நான் முந்திக் கேட்டேனோ என்னவோ. அக்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கன்னியா, மூடின பாதை, அம்மாவின் வாளித் தண்ணீர். கேட்டு முடித்ததும் ஒரு நர்ஸின் குரலில் சொன்னார்: "அப்ப இன்னும் நல்லது. வா. அங்க போய் செஞ்சிடு."

"ஐயர் இல்லை, தர்ப்பை இல்லை, நாளும் போயிட்டுது. நான் பொம்பிளைப் பிள்ளை வேறை."

"தண்ணி இருக்குல்ல?"

தண்ணீர் இருக்கத்தான் இருந்தது. அதோடு, ஒளிப்பானேன், எனக்கு ஆவலும் கிளம்பிவிட்டது. எவ்வளவு சூடாக இருக்கும்? அந்தத் தண்ணீருக்கும் கந்தக வாசனை அடிக்குமா?

அக்காவின் சின்னக் காரில் வடக்கே ஒரு மணி நேரம் போனோம். என்னிடம் நீச்சல் உடுப்புக் கிடையாது. கணவரின் அரைக்காற்சட்டையையும் அவருடைய பழைய டீசேர்ட்டையும் போட்டுக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி வெளியே வந்தேன். கொட்டுகிற மழையில் ஒரு பெரிய தடாகம், ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆவிக்குள் தலைகள். கிழவர்கள், கிழவிகள், காதலர்கள், தண்ணீருக்குள் இருந்தபடியே உருளைக்கிழங்குப் பொரியல் தின்கிற ஒரு முழுக் குடும்பம். அவியலுக்குப் போட்ட மரக்கறி மாதிரி எல்லோரும் அசையாமல் கிடந்தார்கள். முகங்களைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் குளிர்காலம் இல்லை.

சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல்: தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தக்கூடாது.

"பாருங்கோ," என்றேன். "தலை முழுகாமல் என்ன அந்தியேட்டி?"

"மூக்கு வழியா கிருமி போனா மூளைக் காய்ச்சல் வரும், அதான். ஆனா உங்க ஊர்ல ஊத்துவாங்கன்னுதான சொன்ன?" அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். கரையோரத்தில் யாரோ பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்ட சிவப்புப் பிளாஸ்ரிக் வாளி ஒன்று கிடந்தது. அதை எடுத்தார். "நீ கழுத்து வரைக்கும் ஊத்துத் தண்ணியில இரு. தலைக்கு நான் ஷவர்ல இருந்து சுடுதண்ணி புடிச்சிட்டு வர்றேன். ரெண்டும் சேந்தா சரியாப் போச்சு."

எந்த ஆகமத்திலும் இப்படி ஒரு தீர்ப்பு இருக்காது. நான் இறங்கினேன். சூடு காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று ஏறியது. ஏதோ உடம்பு மூன்று மாதமாக யாருடையதோ போலிருந்து, இப்போது என்னிடம் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. கந்தக வாசனை இல்லை, லேசாக இரும்பு வாசனை. அக்கா வாளியோடு மழையில் ஓடி வந்து என் தலைக்கு மேலே பிடித்தார்.

"என்னா சொல்லணும்?"

"அம்மா எண்டு சொன்னாப் போதும்."

என் அம்மாவைக் கண்ணால் கண்டிராத அந்த மனுஷி, "அம்மா" என்று சொல்லி ஊற்றினார். சத்தமில்லாமல், தேவாலயத்தில் சொல்வதுபோலச் சொன்னார். அவ்வளவுதான், எனக்கு உடைந்துவிட்டது. முன்வீட்டுக்காரர் ரக்பிக்குக் கத்துவதெல்லாம் என்ன கத்தல்? ஒப்பாரி தெரியாத நான், அந்தத் தடாகத்தில் அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதேன்.

எதிரில் இருந்த கிழவர் ஒருவர் பயந்துபோய், ஏதாவது பிரச்சினையா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா விஷயத்தைச் சொன்னார். "ரைட்" என்றார் கிழவர். பிறகு எழுந்து நின்றார். அந்த மழையில், அந்தக் குளிர்காற்றில், சிவந்துபோன வயிறு தெரிய, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவியும் எழுந்தார். அக்கா இரண்டாவது வாளிக்குப் போய் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் உட்காரவில்லை.

"அக்கா, அவையளை இருக்கச் சொல்லுங்கோ, தடிமன் பிடிக்கப் போகுது" என்று அழுகைக்கு நடுவில் சொன்னேன்.

மறுநாள் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். லண்டனில் அப்போது கோடைகாலம். அவன் அறைக்குள் கிடப்பதாகச் சொன்னான், வெளியே போக மனமில்லையாம். எனக்குக் குளிர்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, நல்ல வெயிலிலும் இவன் அப்படியே கிடக்கிறான்.

"அண்ணா, அம்மாவுக்கு வெந்நீர் ஊத்தியாச்சு" என்றேன்.

"எங்கை? கன்னியாப் பாதை திறந்திட்டாங்களோ?"

"இல்லை, இஞ்சை ஒரு ஊத்து இருக்கு." எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு வாளி, ஷவர்த் தண்ணி, கிழவரின் வயிறு.

"அங்கையும் ஏழு கிணறோ?" என்று கேட்டான்.

"ரெண்டு. ஒண்டு பெரியாக்களுக்கு, ஒண்டு சின்னப்பிள்ளையளுக்கு."

சிரித்தான். பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் சேத்து ஊத்தினியோ?" என்றான்.

"ஓம்" என்றேன்.

ஊற்றவில்லை. அழுகையில் எனக்கு அவன் நினைவே வரவில்லை. போனை வைத்த கையோடு, குடையையும் மறந்து, மழையில் இரண்டு தெரு நடந்துபோய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, அண்ணான்ரை வாளி மிச்சம் இருக்கு" என்றேன். "இண்டைக்குத் திறந்திருக்குமோ?"