ஸ்டெல்லா அக்காவின் தாடை

கிட்ட வந்து உட்காருங்க, பல்வலிக்காரங்களே. செகந்திராபாத்தில் பல் கிளினிக்கில் நாற்காலி துடைக்கிற வேலை எனக்கு. பல்லைப் பிடுங்கினால்தான் வைத்தியம்னு நம்பி வர்றவங்களுக்கு நடுவில்தான் என் பிழைப்பு.

மாத்திரை

ராமச்சந்திராபுரத்திலிருந்து ஸ்டெல்லா அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார் அவங்க வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி. ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர். மெட்ரோவுக்குத் தூண் நட ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த சமயம். லேட்டாகிவிட்ட கோபம் அவருக்கு. வேறெங்கேயோ ஒரு பல் எடுத்து மாசக்கணக்கில் ஆறலை, பக்கத்துப் பல்லையும் எடுங்கன்னு நின்றார். மாத்திரை எதுவும் சாப்பிடுறாங்களான்னு டாக்டரம்மா கேட்டதுக்கு, பிரஷர் மாத்திரை மட்டும்தான்னு சொன்னார். டாக்டரம்மா கொறடைக் கையில் எடுத்தாச்சு. அப்போ, "சீக்கிரம் அனுப்புங்க, கேன்சர் ஆஸ்பத்திரியில் எலும்புக்கு டிரிப் ஏத்தணும்"னார். கொறடு தட்டுக்குத் திரும்பிப் போச்சு. முன்னாடியே ஏன் சொல்லலைன்னு கேட்டாங்க டாக்டரம்மா.

"மாத்திரையைத்தானே கேட்டீங்க? ஊசியைக் கேட்கவே இல்லையே!"

கண்ணாடி

பல் எடுத்த குழியைக் கண்ணாடியில் காட்டினாங்க. சதை மூடவே இல்லை, மஞ்சளா எலும்பு தெரிஞ்சது. அந்த நோவுக்கு நீளமா ஒரு பேர் சொன்னாங்க, என் வாயில் நுழையலை. அந்த டிரிப், கேன்சர் எலும்பை அரிக்காம இருக்கப் போடுற ஊசி மருந்துதானாம். ஆனா அது ஏறின உடம்பில் பல்லைப் பிடுங்கினா, சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமச் செத்துப் போகுமாம். சீழ் உள்ளே இறங்கினா தாடையையே வெட்ட வேண்டி வரும்னாங்க. அக்கா கண்ணாடியைக் கவிழ்த்து வெச்சாங்க.

"மார்பைக் கேட்டாங்க, கொடுத்தேன். தாடையைத் தரமாட்டேன். அப்புறம் இந்த மனுஷனை யார் திட்டுறது?"

கொப்புளிக்கிற வைத்தியம்

கேன்சர் டாக்டரிடம் போனில் பேசி டிரிப்பை நிறுத்தி வெச்சாங்க. சீழுக்கு மாத்திரை, கொப்புளிக்க மருந்துத் தண்ணி. நாக்கைக் கிழிச்ச எலும்பு முனையை மட்டும் லேசா ராவி விட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அவ்வளவுதான். ஆரோக்கியசாமிக்குப் பொறுக்கலை. "ரெண்டு பஸ் மாறி வர்றோம், வாயைக் கொப்புளிச்சு அனுப்புறீங்க. பிடுங்கி எறியுங்க!"ன்னார். அக்கா வாயைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பினாங்க.

"நக்கோ, வேணவே வேணாம்! இது என்ன உங்க ஃபேக்டரி மெஷினா, ஸ்பேனர் போட்டுத் திருக?"

மீன் முள்

ஒருநாள் எலும்பு ஆடுதுன்னு வந்தாங்க. மீன் முள் எடுக்கிற மாதிரி இடுக்கியால் டாக்டரம்மா தூக்க, செத்த துண்டு தானா வந்தது. அடியில் புதுசா ரோஜா நிறத்தில் சதை. டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிடுச்சு. நான் மனசுக்குள் சிலுவை போட்டுக்கிட்டேன். அக்கா அந்தத் துண்டையே பார்த்தாங்க.

"இத்தனை மாசம் என்கூட உட்கார்ந்து சாப்பிட்டது. ஒரு ஜெபம் சொல்லிடட்டுமா?"

நாற்காலி

அதோடு வரமாட்டாங்கன்னு நினைச்சேன். கேன்சர் ஆஸ்பத்திரி வராந்தாவில் முதல் எலும்பு டிரிப்புக்குக் காத்திருந்த ஒரு மல்லாபூர் அம்மாவை, அங்கே டாக்டரிடம் சொல்லிட்டு, கையோடு கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க கெட்டிக்காரி. பயந்து நின்ற அந்தம்மாவை நாற்காலியில் அவங்களே உட்கார வெச்சு, டாக்டரம்மா வாயைத் திறக்கறதுக்குள் கேள்வியையும் கேட்டாங்க.

"மாத்திரை, ஊசி, டிரிப், எல்லாத்தையும் சொல்லும்மா. ஆட்டம் காணுற பல்லை இப்பவே எடுத்து, புண்ணை ஆத்திட்டு அப்புறம் போய் ஏத்திக்கோ."

ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கின எங்க கிளினிக்குக்கு, அக்கா வாயில் பிடுங்காம விட்ட ஒரு பல்தான், டிரிப்புக்கு முன்னாடி இங்கே வர்றவங்ககிட்ட இத்தனை கும்பிடு வாங்கிக் கொடுத்தது.