பொலி சொல்லாத திங்கட்கிழமை

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்குத் தீபாவளி லீவு விட்டாலும், கொழுந்துக்கு யாரும் லீவு விடுவதில்லை. நாம் வீட்டில் முறுக்குப் பிழிகிற நேரத்தில் அது பாட்டுக்கு மலையில் வளர்ந்துகொண்டே இருக்கும். லீவு முடிந்த மறுநாள் வேலைக்கு ஓடுகிற உங்களுக்கும் இந்த எரிச்சல் தெரியும். கடையோ ஆபீசோ, விட்டுவந்த வேலை அப்படியே உட்கார்ந்திருந்து மொத்தமாகப் பழி வாங்கும். முப்பது வருசமாகக் கூடை தூக்குகிறேன், ஒரு லீவும் எனக்குச் சும்மா முடிந்ததில்லை.

லீவு முடியட்டும்

எங்கள் ஆறாம் நம்பர் மலைக்கும் ஏழாம் நம்பர் மலைக்கும் சேர்த்து ஒரே மடுவம். கொழுந்து நிறுப்பதும் அங்கேதான், மழைக்கு ஒதுங்குவதும் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுவதும் அங்கேதான். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் அடித்த காற்றில் ஒரு பெரிய கிளை ஒடிந்து அதன் கூரையில் விழுந்தது. நாலு தகரம் பிய்ந்துபோய், பாதி மடுவம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

என் பக்கத்து நிரையில் பறிக்கிற ராஜாமணிக்கு இழுப்பு உண்டு. ஈரத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்துவிட்டு வந்தவள். அவளுக்காகத்தான் எங்களை வேலை வாங்குகிற கங்காணியிடம் கூரையைப் போடச் சொல்லிப் போய் நின்றேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த ஆள், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். நான் சொல்லி முடிக்குமுன்பே தலையை ஆட்டிவிட்டார். “லீவு முடியட்டும்க்கா, மொத வேலையா அதத்தான் பாக்குறோம்.”

ஊறின ரொட்டி

லீவும் முடிந்தது. வியாழக்கிழமை காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு ஆறாம் நம்பர் மலைக்கு ஏறினோம். நாலு நாளில் கொழுந்து முற்றி, தண்டு விரலுக்கு ஒடியமாட்டேன் என்றது. லீவுக்கு முந்தி காய்த்துப்போயிருந்த விரல் முறுக்கு மாவில் மெத்தென்று ஆகியிருந்தது, முதல் கூடையிலேயே கிழிந்தது. காலில் அட்டை வேறு. சரி, அதெல்லாம் நம் தொழில்.

மத்தியானம் மழை பிடித்தது. மடுவத்துக்கு ஓடினால், கூரை கிடந்தபடியே கிடக்கிறது. பன்னிரண்டு பேர், கூரை இருக்கிற பாதியில் ஒன்பது பேருக்குத்தான் இடம். “நீ உள்ளே வாடி” என்று ராஜாமணியை இழுத்தேன். அப்படியும் அவளுக்கு ஒரு தோள் வெளியேதான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த கையோடு ரொட்டி ஊறிப்போனது. மூச்சு வாங்கிக்கொண்டே அதைப் பிய்த்து வாயில் போட்டவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “கேக்காமலே கொழம்பு ஊத்துறாங்க பாருங்கக்கா.”

கண்ணாடிப் பாடம்

வெள்ளிக்கிழமை பெரட்டில் ஒரு நோனா, அதாவது டவுனிலிருந்து வந்த பெரிய இடத்து அம்மா, நின்றார். எங்களுக்கு வகுப்பு எடுக்க வெளியிலிருந்து வரவழைத்தார்களாம். சிரித்த முகம், தமிழும் பரவாயில்லை. பின்னால் டிரைவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். குடைக்கு வெளியே நாங்கள் நின்றோம்.

லீவு முடிந்து வந்தால் மனசு சோர்ந்துபோகும், அதை நல்ல மனசாக மாற்றிக்கொள்ளவேண்டும் என்றார். காலையில் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கணுமாம். ஒரு நல்ல வார்த்தை சொல்லி நாளைத் தொடங்கணுமாம். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அரை மணி நேரம் தூறலில் நிறுத்திச் சொன்னார் பாருங்கள், எனக்கு அங்கேதான் வயிறு எரிந்தது. பக்கத்தில் ராஜாமணியின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது. கையைத் தூக்கி, “நோனா, மடுவத்துக்குக் கூரை இல்லைங்களே” என்றேன். அவர் என் தோளை அன்பாகத் தட்டினார். “அம்மா, கூரை பத்தி யோசிக்கிறது நெகடிவ். மலை எவ்வளவு பச்சையா இருக்கு, அதைப் பாருங்க.”

நல்ல வார்த்தை

சனிக்கிழமை ராஜாமணி வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள், படுத்தால் மூச்சு வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் தனியாகத் திட்டிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை அவளும் வந்துவிட்டாள். அன்றைக்கு ஏழாம் நம்பர் மலை. ஒரு மலையில் முதல் கை வைக்கும்போது கங்காணி “பொலி, பொலி” என்று குரல் கொடுப்பார். கொழுந்து பெருகட்டும் என்று அர்த்தம். மூத்தவள் நான் முதலில் திருப்பிச் சொல்லவேண்டும், பிறகு எல்லாரும் சொல்லிக் கொழுந்தில் கை வைப்பார்கள். அன்றைக்குக் கங்காணி குரல் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் பின்னால் பதினொரு பேரும் கூடையோடு சும்மா நின்றார்கள்.

“என்னக்கா, தொண்டை கட்டிருச்சா?”

“தொண்டை நல்லாத்தான் இருக்கு. மனசு இன்னும் லீவுல இருந்து வரல. மடுவத்துல நாலு தகரம் ஏறட்டும், வந்துரும்.”

பொலி இல்லாமல் பறித்தால் மலைக்கு ஆகாது என்று அவருக்கும் பயம். போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடினார். தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்து கத்தினார். நான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: “நல்ல வார்த்தை சொல்லித் தொடங்கச் சொன்னாங்க, தொரை. எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு வார்த்தைதான். அத மனசு இல்லாம சொல்லலாங்களா?” அவர் முற்றிக்கிடந்த கொழுந்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார்.

பத்து மணிக்கு டிராக்டரில் நாலு தகரம் வந்தது. பழைய தகரம், ஒரு பக்கம் முழுக்கக் கோழி எச்சம். துரை பங்களாக் கோழிக்கூட்டிலிருந்து கழற்றியதாம். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டதும் நான் பொலி சொன்னேன். மலை அதிர்ந்தது.

மத்தியானம் வழக்கம்போல மழை. பன்னிரண்டு பேரும் நனையாமல் உட்கார்ந்தோம். ராஜாமணி காய்ந்த ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டுக்கொண்டு, மேலே தகரத்தில் ஒட்டியிருந்த ஒரு இறகைப் பார்த்தாள். பிறகு கங்காணி பக்கம் திரும்பினாள். “அண்ணே, நாளைக்கு அந்தக் கோழிங்களுக்கு வகுப்பெடுக்க நோனாவ அனுப்பி வைங்க.”

லீவு முடிந்து வேலைக்கு வரும்போது நல்ல மனசு வேண்டும் என்று இப்போது நானும் ஒத்துக்கொள்கிறேன். அது சரியாக நாலு தகரம் அகலம் இருக்கும்.