வலிக்குதுங்க மேடம்

கோகிலவாணி கடத்தூர்க்காரி. அப்பாவின் கிணற்றில் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்திப் பழகியவள். முறையாகக் கை போடுவது எப்படி என்று ஒருவர் சொல்லித் தந்தபோது அவளுக்கு இருபது வயது ஆகிவிட்டது. பல்கலைக்கழகப் போட்டியில் கடைசியாக வந்த அன்று அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. இப்போது நாற்பதை நெருங்குகிறாள். தருமபுரியில் ஒரு நீச்சல் குளத்தில் பதினொரு வருஷமாகப் பயிற்சியாளர்.

இண்டூரிலிருந்து கவிப்பிரியா வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தண்ணீரோடு சண்டை போடுவதுபோல அடித்து நீந்துவாள். கோகிலவாணி தினமும் கூடவே இறங்கி, இடுப்பைப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, மூச்சுக்கு எப்போது திரும்ப வேண்டும் என்று காட்டினாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண்ணின் கை சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போயிற்று. மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள். கோகிலவாணியின் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை.

போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, கை போடுகையில் கவிப்பிரியாவின் வலது முழங்கை இறங்க ஆரம்பித்தது.

"முழங்கையத் தூக்கு! எத்தன வாட்டி சொல்றது?"

"தோளு வலிக்குதுங்க மேடம்."

"பெரிய போட்டிக்குப் போறவங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். இன்னும் பத்து ரவுண்டு போ."

பலம் போதவில்லை என்று நினைத்து, உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தகட்டையும் கொடுத்தாள். தண்ணீரைத் தள்ளும் பாரம் இரட்டிப்பானது. அதற்குப்பின் அந்தப் பெண் வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம், பாதிக் குளத்தில் நின்றுவிட்டாள். வலது கை மேலே வரவில்லை. கோகிலவாணி ஷூவோடு குதித்து அவளைக் கரை சேர்த்தாள்.

சேலத்து டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். தோள்பட்டைத் தசைநார் கிழிந்திருந்தது.

"ரொம்ப நாளா வலிச்சிருக்கணுமே. பொண்ணு சொல்லவே இல்லையா?"

கவிப்பிரியாவின் அம்மா சாலம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னா சார்," என்றாள் கோகிலவாணி. "நான்தான் கேக்கல."

சாலம்மாள் மகளின் இடது கையைப் பிடித்து எழுப்பினாள்.

எழுதவும் தலை வாரவும் கை தேறுவதற்கே எட்டு மாதம் ஆயிற்று. போட்டி நீச்சல் இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்று கோகிலவாணி இண்டூருக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். பெண்ணைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க மேடம். ரெண்டாவது வாட்டி சொன்னா லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துருவீங்களோன்னு பயந்துட்டேன். அதான் பல்லக் கடிச்சுக்கிட்டு நீந்தினேன்."

 அந்தப் பெண் திட்டியிருந்தால்கூடக் கோகிலவாணி தாங்கியிருப்பாள்.

உள்ளேயிருந்து சாலம்மாள் எட்டிப் பார்த்தாள். "தருமபுரி பஸ் வர்ற நேரமுங்க," என்றாள். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

கவிப்பிரியா இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். குளத்துப் பக்கம் வருவதில்லை. கோகிலவாணி இரண்டு முறை வேலையை விட எழுதிக் கொடுத்தாள்; வேறு ஆள் இல்லையென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் யாராவது தோளைத் தேய்த்தால் உடனே கரையேறச் சொல்லிவிடுகிறாள். மேடத்துக்கு முன்போலக் கண்டிப்பு இல்லை என்று இரண்டு பேர் தங்கள் பெண்களைச் சேலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் ஏனென்று கேட்கவில்லை.