கேட்காத கேள்விக்கு ஓர் ஆமாம்

எங்கள் வடக்கு ஸ்வீடனில் ‘ஆமாம்’ என்று சொல்ல நாக்கைப் புரட்டமாட்டோம். உதட்டைக் குவித்துச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்போம். ‘ஷ்ஷுப்.’ அவ்வளவுதான். தெற்கத்திக்காரர்கள் முதலில் பயந்துபோவார்கள்.

குன்வோர் எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து நர்ஸ். அதே அறுவை அறையில் நான் உதவி நர்ஸ். எந்த நோயாளிக்கு என்ன மருந்து என்பதை மயக்க மருத்துவர் ஓஸ்பிரிங்க் அவளோடு பேசி முடிவு செய்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார். தூங்க வைப்பது, மூச்சுக்குழாய் செலுத்துவது, ரத்த அழுத்தம் சரிந்தால் நிமிர்த்துவது, எழுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. தலைமாட்டை விட்டு அவள் நகரக்கூடாது.

அன்று இடுப்பு மூட்டு மாற்ற வந்தவன் ஹில்டிங், மரம் வெட்டுகிறவன்.

“பாதியில முழிச்சுட்டேன்னா?” என்றான்.

“ரம்பத்தை உன் கையிலயே குடுத்துடறோம். உனக்குத்தான் பழக்கமாச்சே,” என்றாள் குன்வோர்.

“ஆஸ்பத்திரி ரம்பம் மொக்கையா இருக்கும்.”

தூங்க வைக்கும் முன், கிருமிகளைத் தடுக்கும் மருந்தைச் சொட்டாக ஏற்றத் தொடங்கினாள்.

“குளிருதா ஹில்டிங்?” என்று கேட்டேன்.

“ஷ்ஷுப்.”

போர்வை எடுக்கத் திரும்பினேன். மறுபடியும், “ஷ்ஷுப்.”

குன்வோரின் தலை நிமிர்ந்தது. “இப்ப நீ ஏதாவது கேட்டியா?”

“இல்லையே.”

“நானும் கேக்கல.”

சொல்லும்போதே மருந்தை நிறுத்திவிட்டாள். அவன் கழுத்தில் சிவப்புத் தடிப்புகள் படர்ந்தன. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டிருந்தது.

“ஓஸ்பிரிங்கைக் கூப்பிடு! கால்மாட்டைத் தூக்கு!”

அதற்குள் அட்ரினலின் ஊசி அவன் தொடையில் இறங்கியிருந்தது. ஓஸ்பிரிங்க் ஓடி வந்தார்.

“குழாய் போட்டுடலாமா?”

“இப்பவே. விட்டா வழியே இருக்காது,” என்றாள் குன்வோர்.

அவர் தூக்க மருந்தைச் செலுத்தினார். வீங்கிய தொண்டைக்குள் எட்டிப் பார்த்தேன். எனக்கு வழியென்று ஒன்றும் தெரியவில்லை. குன்வோருக்குத் தெரிந்தது. இருப்பதிலேயே மெல்லிய குழாயை ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் நுழைத்தாள். குழாயின் முனையில் காற்றுப்பையை மாட்டி அழுத்தினாள். ஹில்டிங்கின் மார்பு உயர்ந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுவரை கட்டிலோடு நடந்தபடியே பையை அழுத்திக்கொண்டு வந்தாள். முன்னால் ஓடிக் கதவு திறந்தவர் ஓஸ்பிரிங்க். ஆயுள் முழுக்க நான் பிறரைக் குளிப்பாட்டியிருக்கிறேன், ஊட்டியிருக்கிறேன். ஒரு முழு ஆளின் மூச்சைத் தன் கையில் ஏந்தி ஒருத்தி தாழ்வாரத்தில் நடந்துபோனதை அன்றுதான் பார்த்தேன்.

வீக்கம் வடிந்து குழாயை எடுத்ததும் ஹில்டிங் கரகரத்தான்: “மூட்டு மாத்தியாச்சா?”

“இல்ல. எந்த மருந்து ஆகலைன்னு சோதிச்சுட்டு, திரும்ப வா,” என்றாள் குன்வோர்.

அவன் வைததை இங்கே எழுத முடியாது. அவள் குனிந்து, வசவுகளுக்கு இடையே மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.