ஞாயிற்றுக்கிழமைகளில் உலர்ந்திருந்த விரிப்பு

விடுதிகளை ஆய்வு செய்து ஓய்வு பெற்றவன் நான். செங்கல்பட்டைச் சுற்றியிருந்த அரசு மாணவர் விடுதிகளில் நான் நுழையாத சமையலறை கிடையாது. வாசலிலேயே பினாயில் வாசனை தூக்கலாக அடித்தால், சற்று முன்புதான் கழுவியிருக்கிறார்கள் என்று பொருள். சாம்பாரை அண்டாவிலிருந்து ருசி பார்க்கக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பையனின் தட்டிலிருந்து பார்க்க வேண்டும். "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று பையன்கள் ஒரே குரலில் சொன்னால், காப்பாளர் காலையில் ஒத்திகை நடத்தியிருக்கிறார். பாயையும் தலையணையையும் கையால் அழுத்திப் பார்ப்பேன். பிறகு குனிந்து ஒருமுறை முகர்ந்தும் பார்ப்பேன். இதனால் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது என் காதில் விழாததுபோல் நடந்துகொள்வதும் நான் கடைப்பிடித்த விதிகளில் ஒன்று.

அண்ணா என்னைவிட நிறையவே மூத்தவர். செங்கல்பட்டில் கணக்கு ஆசிரியராக இருந்தவர்; கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கச்சாவடி வந்த காலத்தில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு வந்தவருக்கு எங்கள் வீட்டில் ஒத்துவந்தது கூடம் மட்டும்தான். கழிப்பறை கொல்லைப்புறத்தில், படி இறங்கி, குந்தி உட்காரும் வகை. என் மனைவிக்கோ மூட்டுவலி. மகன் நாவலூரில் அடுக்குமாடியில் இருந்தான். அவனும் மருமகளும் வேலை பார்த்த கம்பெனிகளில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆகவே முதியோர் இல்லம். அந்த வார்த்தையை எங்கள் தெருவில் நான் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. "அண்ணாவுக்குக் கடல்காத்து நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். சில மாதங்கள் கழித்துக் கோயில் வாசலில் எதிர்வீட்டுக்காரர், "உங்க அண்ணாவுக்குக் கடல்காத்து இன்னும் வீசிக்கிட்டேதான் இருக்கா சார்?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் கோபுரத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

தேர்ந்தெடுத்தது மட்டும் முறைப்படிதான். திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரை இருந்த இல்லங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல், சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். மற்றவர்கள் வரவேற்பறையையும் பூந்தொட்டியையும் பார்ப்பார்கள். நான் முதியவர்களின் கால் நகத்தைப் பார்த்தேன். கழிப்பறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடிகிறதா, அழைப்பு மணி படுத்தவர் கைக்கு எட்டுகிறதா என்று சோதித்தேன். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த ஓர் இல்லம் எல்லாவற்றிலும் தேறியது. அங்கிருந்த மேட்ரன் அம்மா ஓய்வு பெற்ற செவிலியர், அதிகம் பேசாதவர். அண்ணாவை அங்கே சேர்த்தேன்.

அறையில் இன்னொருவரும் இருந்தார். நாவலூர்ப் பக்கம் நிலத்தை விற்றுவிட்டு, அந்த நிலத்தில் எழும்பிய கட்டடத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இங்கே வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். வாய் ஓயாத மனிதர். அண்ணாவை "வாத்யாரே" என்பார். என்னை முதல் நாளே, நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்ததைக் கண்டு, "இன்னா சார், போலீசா?" என்று கேட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து பிடித்துப் போவேன். போனதும் ஒரு சுற்று. சமையலறை, கழிப்பறை, மருந்து அலமாரி. அது முடிந்த பிறகுதான் அண்ணா. இந்த வரிசையை எழுதும்போதே கை கூசுகிறது. அன்று அது எனக்கு இயல்பாக இருந்தது.

அப்படி ஒரு ஞாயிறு. பக்கத்துக் கட்டில்காரரின் மகளும் மாப்பிள்ளையும் டிபன் கேரியரோடு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அண்ணாவிடம் படித்தவராம். கைகட்டி நின்று, "சார், அந்தக் காலத்துல உங்க கிளாஸ்னா நடுங்குவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாவின் முகத்தில் நெடுநாள் கழித்து ஒரு வாத்தியார்க்களை. நான் பேசிக்கொண்டே கட்டில் ஓரத்து விரிப்பை நீவினேன். ஈரம் தட்டியது. கை தானாக அழுத்தியது. முதுகு தானாகக் குனிந்தது.

"இந்த விரிப்பை எப்போ மாத்தினீங்க?" என்று வாசலைப் பார்த்து உரக்கக் கேட்டேன்.

ஆயா ஓடி வந்தாள். "காலைல மாத்தினேன் சார். இப்பதான் தண்ணி..." என்று ஆரம்பித்தவள் அண்ணாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "என் தப்புதான் சார். கவனிக்கல."

"தண்ணியா இது? வாசனை தெரியாதா எனக்கு? ரப்பர் ஷீட் எங்கே? அவரை எத்தனை மணிக்கொரு தடவை பார்க்கறீங்க?"

மேட்ரன் அம்மா வந்தார். அவருக்கும் விளக்கினேன். படுக்கைப்புண் எப்படி வரும், யார் பொறுப்பு, எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். மாப்பிள்ளை மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மகள் டிபன் கேரியரின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அண்ணா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குக் களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு விரிப்பு உலர்ந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். ஒரு குறை சுட்டிக்காட்டப்பட்டது, அது களையப்பட்டது. என் பணிக்காலத்தில் எந்தக் குறையும் இவ்வளவு விரைவில் களையப்பட்டதில்லை. அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாறாக, வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். "கேட்டாத்தான் நடக்கும்" என்றேன். அவள் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "அண்ணா எப்படியிருக்கார்?" என்று கேட்டாள். உலர்ந்திருக்கிறார் என்று சொல்லாத குறைதான்.

ஞாயிறு மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதும் எனக்குத் தெரியும். குறித்த நாளில் வரும் ஆய்வாளரை ஏமாற்றுவது எளிது. எனவே வாரத்தின் நடுவே ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் போனேன். அண்ணா திடுக்கிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். விசாரித்துக்கொண்டே விரிப்பில் கை வைத்தேன். லேசான ஈரம். இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை, பெருந்தன்மையாக இருந்துவிட்டேன். ஆனால் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அண்ணா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எந்த நாள் போனாலும் விரிப்பு உலர்ந்திருந்தது.

அது சித்திரை முடிந்து வைகாசி தொடங்கிய வெயில். அண்ணாவின் உதடு வெடித்திருந்தது. உப்புக்காற்று என்று முடிவுசெய்து வேஸ்லின் டப்பா வாங்கிக் கொடுத்தேன். பேச்சும் குறைந்திருந்தது. வயதாகிறது என்று அதற்கும் ஒரு காரணம் என்னிடம் தயாராக இருந்தது.

ஒருநாள் காலை இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. அண்ணாவுக்குக் குளிர்காய்ச்சல், உளறுகிறார், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறோம் என்றார்கள். அங்கே டாக்டர் அண்ணாவின் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கினார். அது அப்படியே கூடாரம்போல் நின்றது.

"இவருக்குத் தண்ணியே குடுக்கலியா? உடம்பு வறண்டு கிடக்கு. யூரின்ல இன்ஃபெக்‌ஷன் வேற" என்றார்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். மனைவியை அண்ணா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நான் மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஏறினேன். கவலை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட ஒரு சுறுசுறுப்பு இருந்தது. தெளிவான கவனக்குறைவு, விசாரிக்க வேண்டியது என் கடமை. வழியெல்லாம் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்.

அண்ணாவின் காலிக் கட்டில் அருகே நின்று மேட்ரன் அம்மாவையும் ஆயாவையும் கூப்பிட்டேன். "ஒரு மனுஷனுக்குத் தண்ணி குடுக்கறது உங்க வேலையா, இல்லையா?" என்று தொடங்கினேன். ஆயா அழ ஆரம்பித்தாள்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இன்னா சார் நீ, அதுங்களப் போட்டு இந்தக் காய்ச்சு காய்ச்சற? வாத்யார் குடிச்சாத்தானே? சொம்ப எடுத்தாந்து குடுத்துகினேதான் இருந்திச்சி அது. அவரு வாயத் தொறக்கல."

"ஏன்?"

"மொதல்ல சனிக்கெழம மத்தியானத்தோட நிறுத்திக்குவாரு. இன்னா வாத்யாரே, விரதமான்னு கேட்டேன். இல்லய்யா, நாளைக்கு இன்ஸ்பெக்சன் கீதுன்னாரு."

"யாரோட இன்ஸ்பெக்‌ஷன்?" என்று கேட்டேன். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டேன்.

"உன்னுதுதான் சார்! வந்து வந்து மோந்து பாக்கறியே, அது. அப்பால நீ ஒருநாளு சொல்லாம கொள்ளாம வந்து நின்ன பாரு, அன்னிலேர்ந்து எல்லா நாளும் கட். அவன் எப்ப வருவான்னு தெரியாதுய்யான்னு சொல்லிகினு, நாக்க நனைக்கிறதோட சரி. நான்கூட சொன்னேன், வாத்யாரே, வர்றது உன் தம்பிதானே, கலெக்டரான்னு. கலெக்டர்னா பரவால்லய்யான்னாரு."

மேட்ரன் அம்மா அப்போதுதான் பேசினார். "எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம் சார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்." உறவினருக்குத் தெரிவிக்காமல் விட்டது நடைமுறைப்படி அவர்கள் குற்றம்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயாவிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்பது நினைவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் நினைவிருக்கும்.

அண்ணாவுக்குத் தெளிவு வர நாளாயிற்று. வந்ததும், ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"என்னன்னு சொல்லணும்? படுக்கையிலேயே போயிடுது, ஐயா பெரிய மனசு பண்ணணும்னா?"

"நான் உங்க நல்லதுக்குத்தானே..."

"தெரியும்டா. நனைச்சது நான், திட்டு வாங்கினது அந்தப் பொண்ணு. அதையும் என் நல்லதுக்குத்தான் பண்ணின." குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "அந்த மாப்பிள்ளை இருக்கானே, கணக்குத் தப்பாப் போட்டான்னு அவனைப் பெஞ்சு மேல நிக்க வெச்சிருக்கேன். அன்னைக்கு அவன் நின்னுக்கிட்டிருந்தான், நான் படுத்திருந்தேன். நீ என் கட்டிலை மோந்து பாக்கற. அவன் முகத்தைப் பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. நான் ரப்பர் ஷீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்கே போயிடலாம் அண்ணா. ஆள் போட்டுப் பாத்துக்கலாம்" என்றேன்.

"எதுக்கு? தினம் தினம் மோந்து பாக்கவா?" என்று சொல்லிச் சிரித்தார். வெடித்த உதடு வலித்திருக்க வேண்டும், சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இல்லத்துக்கே திரும்பிப் போகிறேன் என்றார்; போனார்.

அவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. சமையலறைப் பக்கம் போவதில்லை. கட்டிலருகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். முன்னால் இருந்தால் அது என்ன செய்யும் என்று எனக்கே நம்பிக்கையில்லை. கிரிக்கெட், அரசியல், மகன் வாங்கிய கார் என்று பேசுவோம். அண்ணா நன்றாகத்தான் பேசுவார். தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினால் மட்டும், "வெச்சுடு, அப்புறம் குடிக்கறேன்" என்பார். அது அப்படியே இருக்கும். நான் பேருந்து நிறுத்தத்துக்குப் போன பிறகுதான் குடிப்பார் என்று ஆயா சொன்னாள். அவரை மீறி உடம்புக்கே அது பழகிப்போயிருந்தது.

ஒருநாள் மேட்ரன் அம்மா தயங்கித் தயங்கி வந்து, "தப்பா நினைக்காதீங்க சார். மத்தியானம் மாத்திரை இருக்கு, தண்ணியோட சாப்பிடணும். கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்களேன்" என்றார்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. நேரமானதும் நானே எழுந்து, கால் மரத்துப்போச்சு என்று ஏதாவது சொல்லிக்கொண்டு, சவுக்குத் தோப்பு வரை போய் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னலிலிருந்து பக்கத்துக் கட்டில்காரரின் குரல் தோப்பு முழுக்கக் கேட்கும்.

"குடிச்சிட்டாரு சார்! வா உள்ள!"

நான் உடனே போவதில்லை. இன்னும் ஒரு வாய் குடிக்கட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.