கொக்கு நின்ற மூலை

உருவமில்லாத ஓவியம் வரைகிறவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே கேள்விதான்: "இது என்ன?" அந்தக் கேள்விக்கு நான் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பதில் சொல்வேன், தமிழில் கேட்டால் விழிப்பேன். என்னோடு சேர்ந்து விழிக்கும் சக தொழிலாளிகளே, உங்களுக்காகச் சில சம்பவங்கள்.

பார்த்துக்கொண்டிருத்தல்

இருபது வருஷம் வெளியூர்களில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, பேட்டையில் படம் வரைய ஒரு ஷெட் பிடித்தேன். பக்கத்து ஷெட்டில் சுடலை இரும்பு கேட் செய்கிறார். வெல்டிங் வைக்கும்போதெல்லாம் சட்டத்தில் இழுத்துக் கட்டிய என் வெள்ளை ஓவியத் துணியில் நீல வெளிச்சம் வந்து வந்து போகும். அதைப் பார்த்தபடியே ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மூணு கேட்டு முடிச்சிட்டேன் அண்ணாச்சி. நீங்க இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கீயளா?"

தேடி வந்தவர்

காயல்பட்டினத்திலிருந்து ரஹீமா என்ற பெண்மணி வந்தார். கணவர் துபாயில். புது வீட்டில் தொழுகிற கூடத்துக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும். உயிருள்ள எதன் உருவமும் அதில் இருக்கக் கூடாது. நான் செய்வதே வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"ஒண்ணுமே இல்லாத படம் வரையிறவுக நீங்கதானாமே?"

மூன்று வாரம்

விடியலில் ஆற்றுக்குப் போவேன். தண்ணீருக்கும் பனிக்கும் நடுவே பெயரில்லாத ஒரு சாம்பல் பச்சை இருக்கும். அது கண்ணில் இருக்கும்போதே ஓடி வந்து, வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகப் பூசுவேன். காயவிடுவேன். பிடிக்காமல் துணியால் துடைப்பேன். ஒரு நாள் அப்படித் துடைத்ததில் இடது மூலையில் தானாக ஒரு வெளிச்சம் விழுந்தது. படம் முழுக்க அதைப் பார்த்துத் திரும்பி நின்றது. இனி இப்படி ஒன்று எனக்கு வாய்க்காது என்று தோன்றியது. சுடலை வந்து வெகுநேரம் நின்றார்.

"இதுல என்னமோ இருக்கு அண்ணாச்சி. என்னன்னு மட்டும் சொல்லிராதீய."

துபாயிலிருந்து

எடுத்துப்போக வந்த ரஹீமா படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவருக்கு வீடியோவில் காட்டினார். "மாஷா அல்லாஹ்" என்ற குரல் கொஞ்சம் தயங்கியது. "மூலையில ஒரு கொக்கு நிக்குதே?"

பார்த்தோம். நின்றது. கழுத்து, கால், அலகு எல்லாமே. அதற்குப் பிறகு கொக்கைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. தலைகீழாக வைத்துப் பார்க்கலாம் என்றார் சுடலை. வைத்தோம், கொக்கு தலைகீழாக நின்றது. அதை அழித்தால் வெளிச்சமும் போய்விடும். ரஹீமாவின் முகம் வாடிவிட்டது.

"மனசே இல்ல அண்ணாச்சி. ஆனா இது நிக்கையில அங்கன தொழ முடியாது."

துணி

இரண்டு நாள் கையில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலை டர்பன்டைனில் நனைத்து, பைய, ஒரே இழுப்பு. கால் போனது, கழுத்து போனது. வெளிச்சமும் போனது. ஆனால் அந்த இடத்தில், இப்போதுதான் ஏதோ எழும்பிப் போன நீர் போல, லேசாக ஒரு வெளிறல் தங்கிவிட்டது. நன்றாயிருக்கிறதா, பாழாகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ரஹீமா வந்தார். முதலில் மூலையைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, படத்தை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"கொக்கு போயிட்டு அண்ணாச்சி. அது நின்ன எடம் போகல."

இருபது வருஷமாக உருவமில்லாமல் வரைவதாகச் சொல்லித் திரிந்த நான், அப்படி ஒரு படத்தை முதன்முதலாக வரைந்தது ஒரு கொக்கை விரட்டித்தான்.